நாலு நல்ல வார்த்தை

நாற்காலி அவளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

முட்டிவலிக்காரர்கள் யார் கையையும் பிடிக்காமல் எழுந்துகொள்ள உதவும் நாற்காலி. பொத்தானை அழுத்தினால் இருக்கை மெல்ல மேலே வந்து ஆளை நிற்க வைக்க வேண்டும். மெல்ல என்பது இன்னும் கனவாகவே இருந்தது. இப்போதைக்கு அது ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் தள்ளியது. அதனால் முன்னால் ஒரு மெத்தையைப் போட்டு வைத்திருந்தார்கள்.

மெத்தையில் விழுந்த வாக்கிலேயே அவள் போனை எடுத்தாள்.

ஒரு பெண்ணின் குரல். பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைச் சொன்னது. அடுத்து அவளுடைய கூட்டாளியின் பெயரைச் சொன்னது.

"எங்ககிட்ட வேலைக்குக் கேட்டிருக்கார் மேடம். முன்னாடி உங்களுக்குக் கீழதானே இருந்தார்? அவரைப் பத்தி ரெண்டு விஷயம் கேட்டுக்கணும்."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்த ஒரு வீட்டில் நாற்காலியின் மோட்டார் சூடாகிறது என்று காலையில்தான் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தான். "வந்துடறேன்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆபீஸில் வாய்க்கு வாய் 'மேடம்' என்றவன், இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்த மறுநாளே 'அக்கா'வுக்கு மாறிவிட்டான்.

அவனை இழுத்துக்கொண்டு வந்ததே அவள்தான். ஆபீஸ் கேன்டீனில் காபி ஆறிப்போகும்வரை, சொந்தமாக இந்த நாற்காலியைச் செய்யலாம் என்று பேசிப் பேசி ஆசை காட்டினாள். "நான் இருக்கேன், பார்த்துக்கலாம்" என்றாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் குடும்பம் பால்கனி வைத்த வீட்டை விட்டு, சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் வீட்டுக்குப் போனதைப் பார்த்தாள். அவன் பைக் காணாமல்போய் பஸ்ஸில் வர ஆரம்பித்ததைப் பார்த்தாள். அவன் மனைவி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மகள்தான் ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டாள்: "அத்தை, அப்பாவை எப்ப வீட்டுக்கு விடுவீங்க?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பினாள்.

நியாயமாகப் பார்த்தால் இப்போது விட்டுவிட வேண்டும். அவனைப் போல ஓர் ஆள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் வாயாரச் சொல்ல வேண்டும். சொல்ல யோசிக்கவே வேண்டாம். அத்தனையும் உண்மை.

ஆனால் அவன் போய்விட்டால் மோட்டாரைத் தொட ஆளில்லை. கொட்டகையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். விட்டு வந்த அதே மாதிரி ஆபீஸ் ஒன்றில், அவளும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன். நல்லா வேலை தெரிஞ்சவர்தான். ஆனா..."

"ஆனா?"

கண்களை மூடிக்கொண்டாள்.

"எதையும் கடைசி வரைக்கும் செய்ய மாட்டார். பாதியில விட்டுட்டுப் போயிடுவார்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நன்றி. அவ்வளவுதான்.

பொய் இவ்வளவு சரளமாக வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நாக்கு கூசவில்லை, குரல் நடுங்கவில்லை.

அந்த எண்ணைத் திருப்பி அழைத்தாள். இந்த எண்ணுக்கு அழைக்க முடியாது என்றது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் அதையே சொன்னது.

எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்தான். உடம்பெல்லாம் வேர்த்து வடிந்தது. பையை இறக்கி வைக்காமலே நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

கொடியில் கிடந்த துணி ஒன்றை அவள் உருவி எடுத்தாள்.

அவன் கடகடவென்று சொல்லி முடித்தான். மனசு சோர்ந்துபோயிருந்த ஒரு நாளில் வேலைக்கு எழுதிப் போட்டானாம். கூப்பிட்டார்களாம், பேசினார்களாம், அநேகமாகக் கிடைத்த மாதிரிதானாம். இன்றைக்கு வரும் வழியில் அங்கேயே இறங்கி, மேனேஜரை நேரில் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறானாம்.

"பாதியில விட்டுட்டு வர மனசு வரலைக்கா."

அவள் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"அந்த மேனேஜர் தங்கமான மனுஷன். எப்ப வேணாலும் வாங்க, உங்களுக்கு இங்க ஒரு இடம் இருக்குன்னுட்டார். உடனே வீட்டுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். அவளே, 'சரி, அப்புறம் என்ன பயம்? நடத்துங்க'ன்னுட்டா. முதல் தடவையா அப்படிச் சொல்றாக்கா! அந்த ஒரு தைரியம் போதும், எவ்வளவு நாள் ஆனாலும் தாக்குப்பிடிச்சிடுவேன்."

பையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பிறகு, கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"விசாரிக்கறதுக்கு உங்க நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். எனக்கு வேற யார் இருக்கா? கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. நாலு நல்ல வார்த்தை சொல்லி வைங்கக்கா. பின்னாடி உதவும்."

"கூப்பிட்டாங்க" என்றாள்.

"அட! என்ன சொன்னீங்க?"

துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"அது போதும்கா" என்று சொல்லிவிட்டு, நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சீட்டியடித்தபடி வேலையைத் தொடங்கினான்.