சோபாவின் வலது பக்கம்

பிழை திருத்துபவர் அச்சகத்திலிருந்து வந்து சோபாவின் இடது பக்கம் உட்காருவார்; மனைவி வலது பக்கம் உட்காருவாள். டிவி ஓடும். வெளியே போகலாமா என்று ஒருவர் கேட்டால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார் மற்றவர். சோபா அத்தனை சொகுசு.

ஒரு சாயங்காலம் மனைவி சட்டென்று எழுந்து நீச்சல் கற்றுக்கொள்ளப் போய்விட்டாள். ஐம்பது வயதில்! என்ன தைரியம் இவளுக்கு என்று அவர் அசந்துபோனார். அவள் எழுந்த பிறகும் மெத்தையில் விழுந்த குழி மட்டும் மேலே வரவில்லை.

"டீ போடட்டுமா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார்.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றது குழியிலிருந்து மனைவியின் குரல். யார் என்று திரும்பிப் பார்க்க அவருக்குச் சோம்பலாக இருந்தது.

ஈரத் தலையோடு வந்த மனைவி குழியைப் பார்த்துச் சிரித்தாள். "இவ இன்னும் எந்திரிக்கலையா? நான் இன்னிக்கு மிதந்துட்டேங்க! வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதைப் பார்த்துவிட்டு எப்படி மாட்டேன் என்பது? முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

சோபாவின் இடது பக்கம் இன்னும் உட்கார்ந்தபடியே அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சிரித்துக்கொண்டே படியிறங்கும் சத்தம் கேட்டது. பரவாயில்லையே, மனுஷன் கிளம்பிட்டானே என்று பெருமையாக இருந்தது.

"நாமளும் போலாமா?" என்று கேட்டார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் வலது பக்கம் இருந்தவள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.