எவனா இருந்தா என்ன?

“பிரசவ லீவு கேட்ட பொண்ணை வேலையை விட்டே தூக்கிட்டாங்க சார். அவங்களுக்காக ஃபீஸ் வாங்காம வாதாடப் போறேன்” என்றாள் ஜூனியர்.

நூறு வக்கீல்களைக் கட்டி மேய்க்கும் பெரியவருக்கு மீசை துடித்தது. “அநியாயம்! விடாதே, கோர்ட்டுக்கு இழு!”

“எதிர்த்தரப்பு பெரிய இடம் சார். யாருன்னா...”

“எவனா இருந்தா என்ன? நம்ம ஆபீஸ் பேரு பேப்பர்ல வரணும்!”

அத்தோடு விடவில்லை. எதிராளி எங்கே மழுப்புவான், எந்தக் கேள்விக்கு வாயடைத்துப் போவான் என்று புட்டுப் புட்டு வைத்தார். அவள் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள்.

“சரி, யாரும்மா அந்தப் பொண்ணு?”

“போன வாரம் வரைக்கும் இந்த மேஜையைத் துடைச்சவங்க சார். நீக்கின ஆர்டர்ல, படிக்காமலே கையெழுத்துப் போட்டது நீங்க.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதே மேஜைமேல் வைத்தாள்.

“மழுப்பாம வாங்க சார். கோர்ட்ல பார்க்கலாம்.”