தாடிக்காரருக்கு ஒரு சேவல்

"சேவலை எங்கிட்டு வச்சு அறுக்கட்டும், வாத்தியாரய்யா?"

ஆத்மநாதன் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். வாசலில் அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய் நின்றாள். அவள் இடுப்பிலிருந்த செவலைச் சேவல், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தையே முறைத்துக்கொண்டிருந்தது. படத்தில் இருந்தவரும் பதிலுக்கு முறைத்தார். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி, மேலே ஏறிய புருவம்.

"அறுக்கவா? எதுக்கு?"

"ஒரு காரியத்துக்குத்தான். ஆடி பொறக்கப்போகுது. அதுக்குள்ள ஆரம்பிச்சிரணும்."

ஆத்மநாதன் படத்தையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தார். கொல்லையில் மனைவி அமிர்தவல்லி அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் அவர் நெஞ்சிலேயே அரைப்பதுபோல் இருந்தது.

தப்பில் பாதி அவருடையது. மீதி, படத்துக்குக் கண்ணாடி போட்ட கடைக்காரனுடையது. அயர்லாந்து தேசத்து நாடகாசிரியர் ஒருவர்மேல் ஆத்மநாதனுக்கு அப்படி ஒரு பக்தி. பத்திரிகையில் வந்த அவர் படத்தை வெட்டிக் கீழராஜவீதியில் கண்ணாடி போடக் கொடுத்தார். கடைக்காரன் கை சும்மா இருக்குமா? நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டான். அமிர்தவல்லி, ஆணியில் தொங்குகிற எந்தப் படத்துக்கும் வெள்ளிக்கிழமை பூப்போடுகிறவள். சாமியார்தான் என்று முடிவுகட்டிய திருக்கோகர்ணத்துத் தெரு அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கேட்டவர்களிடம் ஆத்மநாதன் பொய் சொன்னதும் இல்லை.

"சாமியாரு கறி மீன் சாப்பிடுவாரா?"

"தொடமாட்டார்."

"கள்ளு, சாராயம்?"

"கிட்டவே சேர்க்கமாட்டார்."

"தவம் உண்டா?"

"தோட்டத்துக் குடிசையில தனியா உக்காந்திருப்பார். சூரியன் நகர நகர அந்தக் குடிசையும் திரும்பும்."

அத்தனையும் நிஜம். உட்கார்ந்து நாடகம்தான் எழுதுகிறார் என்பதை யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

அந்த மகானுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஆத்மநாதனுக்குப் பல வருஷத்து ஆசை. அப்பேர்ப்பட்ட கண்ணில் புதுக்கோட்டை இங்கிலீஷ் படலாமா என்று நடுங்கி, முதல் வரியிலேயே கிழித்துவிடுவார். அவரைப்போலத் தானும் கறியை விட்டுவிட வேண்டும் என்றும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டு முடித்த பிறகு நினைப்பார்.

பொன்னுத்தாயின் ஒரே மகன் ராசு பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனான். தகவல் நின்றுபோனது. அன்றிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாள். படத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பாள், கைகூப்பிச் சற்று நிற்பாள், போய்விடுவாள். சண்டை முடிந்து மற்ற பிள்ளைகள் திரும்பிய பிறகும் வந்தாள். ஒவ்வொரு பழமும் முதலில் ஆத்மநாதனின் மனசாட்சியில் விழுந்தது. பிறகு அமிர்தவல்லியின் ஊறுகாய்ச் சாடியில்.

இன்றைக்குச் சேவல். இனியும் மறைத்தால் தான் மனுஷன் இல்லை என்று ஆத்மநாதனுக்குத் தோன்றியது.

"பொன்னுத்தாயி, அதைக் கீழ விடு. அவரு கறி தொடமாட்டாரு."

"அது தெரிஞ்ச சமாச்சாரந்தானேய்யா."

"அதில்லைம்மா. அவரு சாமியாரே இல்லை. நாடகம் எழுதுறவரு. வெள்ளைக்காரரு. அதாவது, வெள்ளைக்காரருன்னு சொன்னா அவருக்கே கோவம் வரும், அயர்லாந்துக்காரரு. இன்னும் உசிரோட இருக்காரு. ஒன் ராசுவைக் கொண்டாந்து குடுக்குற சக்தி இந்தப் படத்துக்குக் கிடையாது. இத்தனை நாள் சொல்லாம இருந்தது என் கோழைத்தனம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து சேவலின் முகத்தைப் பார்த்தார்.

பொன்னுத்தாய் சேவலை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சாமிகிட்டக் கேக்கணும்னா இங்கிட்டு எதுக்குய்யா வாரேன்? காணாமப் போனதைத் தேடிக் குடுக்க நம்ம அரைக்காசு அம்மன் இருக்கா. அவளுக்கு வெல்லம் வச்சுக் கும்புட்டாச்சு. ஆனா புள்ளையக் கூட்டிட்டுப் போனவன் வெள்ளைக்காரன். அவனை அவன் பாஷையிலயே நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரிக் கேள்வி கேக்குறவரு இந்தத் தாடிக்காரருதான்னு அக்காகிட்டச் சத்தம்போட்டுச் சொல்றது நீங்கதானே. அடுத்த வீட்டுல எனக்குக் காது இல்லையா?"

"அப்ப... அந்த எலுமிச்சம்பழம்?"

"பெரிய மனுஷங்க வீட்டுக்கு ஒரு காரியமாப் போனா வெறுங்கையோடயா போறது? பழத்தை வச்சு முகத்தைக் காட்டிட்டு நின்னா, என்ன விஷயம்னு அவுகளே கேப்பாக. நீங்கதான் கேக்கவே இல்லை."

"படத்துக்குப் போயி முகத்தைக் காட்டிட்டு..."

"படத்துக்கு எதுக்குய்யா காட்டுறேன்? ஊறுகாய் தின்னது யாரு?"

ஆத்மநாதனின் கண் ஊறுகாய்ச் சாடி இருந்த பக்கம் போனது.

"ராசுன்னு ஒருத்தன் போனான், எங்கேன்னு கேட்டுச் சொல்லுங்கன்னு அவருக்கு ஒரு காயிதம் எழுதுங்க."

"நானா? அவருக்கா?" கை தானாகப் படத்தை நோக்கிக் குவிந்தது. "அரசாங்கம் பட்டம் குடுக்குறேன்னதுக்கே வேண்டாம்னவரும்மா. என் இங்கிலீஷ்ல ஒரு தப்பு இருந்தா..."

"புள்ளையக் காணோம்னு எழுதுனா அதுல போயித் தப்புப் பாப்பாரா? அப்படிப்பட்டவருன்னா அவருக்கு எதுக்கு இந்த வீட்டுல பூப்போடுறீங்க?"

ஆத்மநாதன் தாடிக்காரரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைக்கூட்டைத் திறந்தார். இந்தத் தடவை பேனா முதல் வரியைத் தாண்டியது.

"அவருதான் கறி தொடமாட்டாரே, பொன்னுத்தாயி," என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறம் சேவல் யாருக்கு?"

கொல்லையில் அம்மிச் சத்தம் நின்றது.

"மசாலா அரைச்சாச்சு, பொன்னுத்தாயி," என்றாள் அமிர்தவல்லி. "காயிதத்தை ஒட்டின பொறவு அறு. அதுக்கு முந்தி அறுத்தா, தின்னுட்டுக் கிழிச்சுப் போட்டுருவாரு."