மெட்ராஸ் பிரியாணி

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு மீரா. நம்ம கடை பிரியாணி நல்லாருக்கா, இது நல்லாருக்கா?"

மீரா பீவி வாயிலிருந்த கவளத்தை மெதுவாக மென்று விழுங்கினாள்.

"கத்திரிக்காய் நல்லாருக்கு."

"கத்திரிக்காயைத் திங்கவா மெட்ராஸுக்கு வந்தோம்?"

முகம்மது ஹுசைன் குரலை உயர்த்தியதில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். திருவல்லிக்கேணியில் மத்தியான நேரத்தில் உட்கார இடம் கிடைப்பதே அரிதான கடை அது.

"கத்தாதிய. எல்லாரும் பாக்காங்க," என்றாள் மீரா பீவி.

சங்கரன்கோவிலில் பிரியாணி என்றால் ஹுசைன் கடைதான். அண்டாவில் அவரைத் தவிர வேறு யாரும் கரண்டி போட்டது கிடையாது. போன மாதம் துணி ஏஜெண்ட் சுந்தரராஜ் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா மெட்ராஸ்ல ஒரு கடை இருக்கு. ஒரு தடவை அங்கன சாப்பிட்டுப் பாருங்க."

அன்றோடு ஹுசைனுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் சபதமே போட்டுவிட்டார். அந்தக் கடை பிரியாணி தன்னுடையதைவிட நன்றாக இருந்தால், அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மளிகைக் கடை வைத்துவிடுவது என்று. சொன்னால் செய்கிற மனிதர்.

மீரா பீவிக்கு மளிகைக் கடை என்றாலே பிடிக்கவில்லை. இப்போது அவள் தெருவில் நடந்தால், "மதினி, நேத்து பிரியாணி பிரமாதம்" என்று யாராவது நிறுத்திச் சொல்வார்கள். துவரம்பருப்புக்காக யார் அப்படிச் சொல்லப் போகிறார்கள்?

அவள் பேச்சை மாற்றினாள்.

"சாயங்காலம் பர்மா பஜார் போவோம். தங்கச்சி நைலக்ஸ் சேலை கேட்டிருக்கா. அப்புறம் பீச்சு. பொழுதடைஞ்சா மவுண்ட் ரோட்டுல கலர் கலரா லைட்டு எரியுமாமே, அதையும் பாக்கணும்."

"எல்லாம் பாக்கலாம். கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு."

"ரயில்ல தூக்கமே இல்ல. எனக்கு நாக்கு செத்துக் கெடக்கு."

"எனக்குச் சாகலையே."

ஹுசைன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இன்னொரு பிளேட் கொண்டுவரச் சொன்னார். அதையும் ஒரு பருக்கை விடாமல் முடித்தார். சொந்தக் கடையில் அவர் ஒரு பிளேட் முழுதாகச் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பார்.

"நம்மதைவிட நல்லாருக்கு," என்றார் கடைசியில், தட்டைப் பார்த்தபடியே.

"கொஞ்சம்தான்," என்றாள் மீரா பீவி தன்னை மறந்து. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கொஞ்சமோ நெறையவோ, தோத்தா தோத்ததுதான். ஊருக்குப் போனதும் அண்டாவை வித்துருதேன்."

"நம்ம கடையில சாப்பிடுத சனமெல்லாம் என்ன செய்யும்?"

"எங்கிட்டயே அரிசி பருப்பு வாங்கிட்டுப் போயி வீட்ல ஆக்கித் திங்கட்டும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஹுசைன் கையைக் கழுவிவிட்டு வந்து பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "அண்ணே, மொதலாளியைப் பாக்கணும். நானும் பிரியாணிக் கடைக்காரன்தான். அவர் கையைப் புடிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன்."

"மொதலாளி ஊர்ல இல்லியே பாய். நேத்து சாயங்காலம் கொல்லம் மெயில்ல கெளம்பிட்டாரு."

"எப்ப வருவாரு?"

"அது அவருக்கே தெரியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பிரியாணியைவிட நல்லா போடுற ஆளு ஒருத்தர் தெக்க கீறாருன்னு எவனோ வந்து சொல்லிட்டான். அதுலேர்ந்து மனுசனுக்குத் தூக்கம் இல்ல. அது மட்டும் நெசமா இருந்தா கடையை இழுத்து மூடிடுவேன்னு ஒரே பொலம்பல். சாப்ட்டுப் பாத்துட்டு வர்றேன்னு கெளம்பிட்டாரு. இப்பத்தான் டிரங்கால் போட்டாரு. சங்கரன்கோவில்ல அந்தக் கடை பூட்டிக் கெடக்குதாம். தொறக்கிற வரைக்கும் நகர மாட்டேன்னு வாசல்லியே குந்திக்கினு இருக்காரு."

மீரா பீவிதான் முதலில் எழுந்தாள்.

"வாங்க, இன்னைக்கு மெயிலையே புடிச்சிருவோம். பாவம், அந்த மனுசன் பசியோட இருப்பாரு."