ஆர்வோவின் இடது காது

போன வருஷம் எல்க் மான் வேட்டைக்கு ரைமோ தன் துப்பாக்கி முனையில் உதைப்பைக் குறைக்கும் பிரேக் ஒன்றை மாட்டினான். உதைப்பு குறைந்தது. சத்தமெல்லாம் பக்கவாட்டில் பாய்ந்து, அருகில் நின்ற நண்பன் ஆர்வோவின் இடது காது போயிற்று.

அதே வாரம் ஆர்வோவின் வேட்டைநாயும் காட்டில் குதறப்பட்டுச் செத்துக் கிடந்தது. ஓநாய் வேலை என்று ஊரே திட்டியது.

அன்றிலிருந்து சனிக்கிழமை சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் ரைமோ ஆர்வோவுக்கு இடப்பக்கம்தான் உட்காருவான். மனப்பாரத்தையெல்லாம் அந்தச் செவிட்டுக் காதில் முணுமுணுத்து இறக்கிவைப்பான். பாதிரியாரைவிட வசதி, திட்டாது.

இன்று பரிகாரமாக துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்க, ஆர்வோவையும் கடைக்கு இழுத்து வந்திருந்தான்.

"குட்டையா, நீளமா? நீளம்தான் சத்தத்தை நல்லா அடக்குமாம். உன் காதுக்காகத்தான்டா கேக்கறேன்."

"ம்."

"என் வாய்க்கும் ஒண்ணு கிடைச்சா மாட்டிக்கலாம்."

ஆர்வோ அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

"ஒரு வருஷமா கேக்கறேன், மழுப்பறே. காது இப்ப எப்படிடா இருக்கு?"

ஆர்வோ நீளமான சைலன்சரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே சரியாயிடுச்சு. என் நாயைச் சுட்டது நீதான்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நாளைக்கு வேட்டைக்கு உன் நாயையும் கூட்டிட்டு வா."