ஒருவழி

"கார்ல இருக்கற இந்த ஒருவழியைக் கழட்டிட்டு இருவழி போட்டுக் குடுங்க, அராய் சான். இன்னிக்கு இருட்டறதுக்குள்ள வேணும்."

அராய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நெகிஷியைப் பார்த்தார். ஓபோன் பண்டிகை விடுமுறையின் கடைசி நாள். மலையடிவாரத்தில் மற்ற பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. அவள் போனில் கெஞ்சியதால்தான் இவர் கதவைத் திறந்திருந்தார். வீடுகளின் வாசலில் வெள்ளரிக்காய்க் குதிரையும் கத்திரிக்காய் மாடும் குச்சிக்கால்களில் நின்றன. செத்தவர்கள் குதிரையில் விரைந்து வருவார்கள், மாட்டில் மெல்லத் திரும்புவார்கள். அந்தி சாய்ந்ததும் தீ மூட்டி வழியனுப்பினால் பண்டிகை முடிந்தது.

"போன ஓபோனுக்குத்தானே ஒருவழி போட்டீங்க? அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?"

சொல்லித்தான் இருந்தார். வாரம் முழுக்கத் தெருவிலும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்திலும் ஓடும் காருக்கு ஒன்றரைதான் சரி. பின் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் தகடுகள் பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஒருவழி என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் பிடிக்கும், காலை எடுத்தால் விட்டுவிடும். இருவழி இரண்டுக்கும் பிடிக்கும். ஒன்றரை என்றால், காலை எடுக்கும்போது பாதிப் பிடி. அவளோ பெயரைக் கேட்டதுமே ஒருவழிதான் என்று நின்றாள். கணவர் பதிமூன்றாம் தேதி வருகிறார், இது அவருடைய கார், அதற்குள் முடியவேண்டும் என்றாள். வெளியூர் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் வீடு திரும்பும் சமயம். அராய் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்த முறை கணவரும் வந்திருந்தார். காரின் இடப்பக்க இருக்கையில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அராய் தலை வணங்கியதற்குப் பதில் வணக்கம் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் வேர்த்திருந்தது.

"இப்பவும் ஒன்றரைதான் சொல்வேன். இருவழி போட்டா வளைவுல மூக்கு திரும்பாம அடம் புடிக்கும். வாசல்ல வளைச்சாலே கடக் கடக்னு சத்தம். அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். பாதித் திரும்பினா எனக்குப் போதாது. முழுசாத் திரும்பணும்."

"ஏன், பிரேக் போட்டா பின்பக்கம் ஆடுதா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவர் போக மாட்டேங்கறார். போன ஓபோனுக்கு வந்தவர். ஒரு வருஷமாத் திரும்பிப் போகல."

வேலையை விட்டுவிட்டாரா என்று அராய் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரவும் பகலும் காருக்குள்ளேயே இருக்கிறார், சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்றாள். தடத்தில் ஓட்டினால் ஒவ்வொரு வளைவிலும் கதவுக்கு மேலிருக்கும் பிடியை இறுக்கிக்கொள்கிறாராம். இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்கிறாராம்.

"வரச் சொன்னது நான்தான். ஆனா எனக்கு முப்பத்தோரு வயசு, அராய் சான். இன்னிக்குப் போகலேன்னா இன்னும் ஒரு வருஷம் இவர் பக்கத்துல உக்காரணும்."

புருஷன் பெண்டாட்டி விவகாரத்துக்குப் பட்டறையில் மருந்து கிடையாது. அராய் இடப்பக்கம் போய்க் குனிந்தார். "கொஞ்சம் இறங்கிக்கறீங்களா? வண்டியைத் தூக்கணும்."

அவர் திரும்பவில்லை.

"இறங்க மாட்டார். அப்படியே தூக்குங்க" என்றாள் நெகிஷி.

"ஆளோட தூக்கினா எங்கப்பா கல்லறையிலேருந்து எழுந்து வந்து அடிப்பார். இன்னிக்கு வேற அவர் ஊர்லதான் இருப்பார்."

ஆனாலும் தூக்கினார். தலைக்கு மேலே கார், காருக்குள் ஆள். பழைய எண்ணெயை வடித்து, ஒருவழியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அலமாரியில் கோத்து வைத்திருந்த இருவழியை எடுத்து ஏற்றினார். மேலேயிருந்து ஒரு செருமல்கூட வரவில்லை. வேலை முடிந்து காரை இறக்கியபோது வெளியே வெயில் சிவந்திருந்தது.

இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. கண்ணாடி உலர்ந்திருந்தது.

"எங்க அவர்? எப்ப இறங்கினார்?"

நெகிஷி கதவைத் திறந்து இருக்கையைத் தடவிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"போயிட்டார். செத்தா வெள்ளரிக்காய்ல வரமாட்டேன், என் கார்லதான் வருவேன்னு கிண்டல் பண்ணிட்டே இருப்பார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மலை வளைவுல விபத்துல போயிட்டார். அதான் போன ஓபோனுக்குக் குதிரைக்குப் பதிலா அவர் காரையே வாசல்ல நிறுத்தினேன். திரும்பிப் போயிடக்கூடாதுன்னு மாடு வைக்கல. ஒருவழி போட்டேன்."

அராய் மேசைமேல் கிடந்ததைப் பார்த்தார். வாடிக்கையாளர்களிடம் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"கழட்டினதைப் பெட்டியில போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க."

இருட்டியபின் ஆழக் குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்பினாள். முற்றத்தில் காரை வளைத்தபோது தகடுகள் கடக் கடக்கென்று முனகின. சரிவில் அந்தச் சத்தம் தேயும்வரை அராய் நின்றார். கீழே வாசல்தோறும் வழியனுப்பும் தீ அணைந்து, புகை மட்டும் மிச்சமிருந்தது.

விளக்கை அணைக்க உள்ளே திரும்பினார்.

மேசைமேல் ஒருவழி எண்ணெய் வடியக் கிடந்தது. பக்கத்து நாற்காலியில் நெகிஷியின் கணவர் நேரே பார்த்தபடி, அடுத்த வளைவுக்குத் தயாராகக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.