தூக்கத்தில் அவர் பேசியவை

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்: இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை.

பெரம்பூர் தணிகாசலத்தின் வீட்டு வேலைகளையெல்லாம் கவனித்துவந்த பழைய கணினிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மின்விசிறியைப் போடச் சொன்னால், அவர் வியர்வையில் ஒருமுறை குளித்து முடித்த பிறகுதான் அது சுழலும். ஒருநாள் காலை, இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று தேடிப் பார்த்தார். முக்கால்வாசி இடத்தை ஒரே கோப்பு பிடித்திருந்தது. அதன் பெயர் ‘தூக்கத்தில் அவர் பேசியவை.’



“செண்பகம், இது என்னடி?”

“பன்னெண்டு வருஷமா சேத்து வெச்சதுங்க,” என்று சமையலறைப் பக்கமிருந்து குரல் வந்தது. “அதுல ஒரு பேரு மட்டும் அடிக்கடி வருது.”

“யாரு பேரு?”

“கேக்குறப்பவே ஏன் குரல் நடுங்குது?”

போட்டுக் கேட்டுவிடலாமா என்று யோசித்தார். முன்பு பக்கத்து மேசையில் வேலை பார்த்த பூங்கோதையின் முகம் நினைவுக்கு வந்தது. சட்டென்று ‘அழி’ என்பதை அழுத்திவிட்டார்.

கோப்பு காணாமல் போனது. ஆனால் காலியிடம் ஒரு பொட்டுகூடக் கூடவில்லை. தணிகாசலம் திரையை ஒரு தட்டுத் தட்டினார்.

“எங்கடி ஒளிச்சு வெச்ச?”

“நான் ஏன் ஒளிக்கணும்? எத்தனை வாட்டி வேணாலும் அழிச்சுக்கோங்க. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. பூங்கோதைய நான் கேட்டதாச் சொல்லுங்க.”

தணிகாசலம் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்த வீட்டில் அவரையும் அந்தக் கணினியையும் தவிர வேறு யாரும் இல்லை.